பார்வைச் சன்னல்

என் வேலை வெற்றிடம்.
மாதச் சம்பளமே அதற்குத்தான்.
எஃகுக் கலத்திலிருந்து காற்றை உறிஞ்சி
மிச்சம் ஒட்டியிருப்பதையும் உறிஞ்சி
ஒன்றுமில்லாததைக் காவல் காப்பது.

நவம்பர். கோதன்பர்க்கில்
நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
டிராம் கம்பியில் பொறி தெறித்து அணைகிறபோது
ரெய்யோ வந்தான், ஈரக் கோட்டோடு,
புகையிலை டப்பாவைக் குலுக்கிக்கொண்டு.
ஆற்றுக்கு வடக்கே ஸ்டைரீன் ஆலையில் ஷிப்ட் பார்ப்பவன்.

டப்பாவில் புகையிலை இல்லை.
உடைந்த பென்சில் துண்டுகள்போல்
துருநிறத்தில் ஆறு உருளைகள்.
"இரண்டு வருஷம் உலையில் கிடந்தவை.
செத்துவிட்டதா பார்த்துச் சொல், குன்வோர்."

இரும்புத்துரு. அதில் கொஞ்சம் பொட்டாசியம்.
நீராவி. அறுநூறு டிகிரி.
எத்தில்பென்சீன் உள்ளே போகும்,
இரண்டு ஹைட்ரஜனைத் தொலைத்துவிட்டு வெளியே வரும்.
பிறகு அது மீன் பெட்டி,
ஐஸ் டப்பா,
இந்தக் காப்பிக் கோப்பையின் மூடி.

பொட்டாசியத்திடம் வெளிக்கூட்டில் இருப்பது
ஒரே ஓர் எலக்ட்ரான்.
அதையும் இறுகப் பிடிக்கத் தெரியாது.
பழுக்கக் காய்ந்த துருவை விட்டு எழும்போது
சில அணுக்களில் அந்த ஒற்றை
விலகி, விலகி,
முப்பதாம் சுற்றுக்கும் நாற்பதாம் சுற்றுக்கும் போய்
கருவைத் தூரத்து விளக்காகப் பார்த்தபடி திரியும்.
அணு பல நூறு மடங்கு ஊதிவிடும்.
துளி மின்புலம் பட்டாலும் பிரிந்துபோகும்.

அந்த நிலையில்தான் அது உதவுகிறது
என்பது எங்கள் கட்சி:
அநேகமாகப் போய்விட்ட நிலையில்,
துருவை ஒட்டித் தாழ மிதந்து
அருகில் வருவதற்குத் தன் கிளர்ச்சியைக் கொடுத்து.
பிரெமன் கூட்டத்தில் ஒருவர் எழுந்து
"வெறும் அயனிகள் அம்மா அவை" என்றார்.
சிரித்தார்கள்.
அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.
நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், தேதியோடு.

முதல் உருளையைச் சூடேற்றினேன்.
பூஜ்யம்.
இன்னும் ஐம்பது டிகிரி.
பூஜ்யம்.
பூஜ்யம் எனக்குப் பழக்கம், ரெய்யோவுக்கு இல்லை.
இரண்டாவதை எடுத்து
கேட்காமலே குறட்டால் நெரித்தான்.
மேலே வெளிறிய ஓடு.
நடுவில் கறுப்பாக ஒரு கடுகு.

திரும்பக் காற்றை உறிஞ்ச நாலு மணி நேரம்.
கம்பு ரொட்டியில் ஹெர்ரிங் வைத்துத் தின்றோம்.
இர்மெலி தாம்பரேவுக்குப் போய்
வருஷம் ஒன்றாகிறது என்றான்.
"ஞாயிறு தவறாமல் போன் பண்ணுகிறாள்.
அவள் பண்ணினால்தான்
அந்த வாரம் துணி துவைக்கிறேன்."
நான் ஏதும் சொல்லவில்லை.
பம்ப் இரைந்தது.

பன்னிரண்டு தாண்டி
திரையின் அடியில் ஒரு மயிர்க்கோடு
நடுங்கி எழுந்தது.
விழுந்தது.
எழுந்து, நின்றது.
நானோ ஆம்பியரில் சொல்லக்கூட லாயக்கில்லை.
ஆனாலும் இருக்கிறது.
ஓட்டில் தாங்காமல்
உள்ளே ஒடுங்கிக் கிடந்திருக்கிறது இவ்வளவு நாளும்.

"எத்தனை மாதம் ஓடும்?"
மாதத்தை அளக்க என்னிடம் கருவி கிடையாது.
எண்ணைச் சொன்னேன்.
டப்பா மூடியில் கிறுக்கினான்.
"நாலு டிகிரி ஏற்றிப் பார்க்கிறேன்.
பனி உருகும்வரை இழுக்கும்" என்றான்
எனக்கில்லை, கோட்டுப் பொத்தானுக்கு.
பாலத்தின் மேல் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

காலையில் கலத்தைக் குளிரவிட்டு வந்தபோது
பார்வைச் சன்னல் கண்ணாடியில்
யாரோ மூச்சு விட்டதுபோல் வெள்ளி மங்கல்.
கைக்குட்டையால் துடைத்தேன்.
போகவில்லை.
உள்பக்கம்.